நோவா இட்ட சாபம்

ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஜலப்பிரளயம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார். ஒருநாள் அதன் ரசத்தைக் குடித்து வெறித்து, கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்புறமாகவே நடந்துபோய், தகப்பனைப் பார்க்காமலே போர்த்துகிறார்கள். போதை தெளிந்து எழுந்த நோவா நடந்ததை அறிந்து சாபமிடுகிறார். சாபம் விழுவதோ காமின் மகன் கானான் மீது. பார்த்தவன் ஒருவன், அடிமையாகும்படி சபிக்கப்பட்டவன் இன்னொருவன்.

தோலின் நிறத்தைப் பற்றி இங்கே ஒரு சொல்கூட இல்லை. கூஷ், எகிப்து முதலான நாடுகளின் மூதாதையர் காமின் மற்ற பிள்ளைகள் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அவர்கள் யாரும் சபிக்கப்படவில்லை. அப்படியிருந்தும் கறுப்பின மக்களை விலைக்கு வாங்கி விற்றவர்கள் பல நூற்றாண்டுகள் இந்தச் சில வசனங்களையே தங்கள் உரிமைப் பத்திரமாக நீட்டினார்கள். புனிதமெனப் போற்றப்படும் ஒரு கதையைக் காட்டி மனிதர் மனிதரை விற்றால் பழி யாரைச் சேரும்? கதையையா, அதைத் திரித்தவனையா, இன்றும் அந்த நூலைக் கையில் ஏந்தியிருப்பவரையா?

இந்தக் கதையை முதலில் சுமந்தவர்களில் வெள்ளையரும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஹொனோரியஸ் என்ற துறவி போர்வீரர் யாப்பேத்தின் வழியினர், சுதந்திர மனிதர் சேமின் வழியினர், பண்ணையடிமைகள் காமின் வழியினர் என்று எழுதினார். ஐரோப்பிய நிலப்பிரபுவின் வயலில் குனிந்து உழைத்த வெள்ளை விவசாயிதான் அன்றைக்குக் காமின் பிள்ளை. 1444இல் போர்ச்சுக்கலின் லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்கக் கைதிகள் கரையிறக்கப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்ட அந்த நாளை எழுதிவைத்த சூராரா என்ற அரசவை வரலாற்றாசிரியர், அதே நூலில் நோவாவின் சாபத்தையும் நியாயமாகச் சொல்கிறார். பிறகு 1861 மார்ச்சில், அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் துணை அதிபர் அலெக்ஸாண்டர் ஸ்டீஃபன்ஸ், சவானா நகரில் பேசும்போது கானான் மீதான சாபத்தைத் தம் அரசின் அடித்தளத்தோடு சேர்த்துச் சொன்னார். அப்போது அமெரிக்கா முழுவதிலும் ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள்.

யாருக்கு எப்போது அடிமை தேவைப்பட்டதோ, அவன் அப்போது காமின் வம்சத்தைக் கண்டுபிடித்தான். ஆராய்ந்து தவறியவன் செய்கிற காரியமா இது?

சரியாகப் படித்தவர்களும் இருந்தார்கள். 1377இல் ‘முகத்திமா’ என்ற நூலை எழுதிய வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், தோராவில் கறுப்பு நிறம் பற்றிய பேச்சே இல்லை, நிறம் தட்பவெப்பத்தால் வருவது என்று இந்தக் கற்பிதத்தை மறுத்தார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் தம் வாழ்க்கைக் கதையில் எழுப்பிய வாதம் இன்னும் கூர்மையானது. அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பலருக்கு வெள்ளை எஜமானனே தகப்பன். காமின் சந்ததி மட்டுமே அடிமையாகலாம் என்றால் அந்தப் பிள்ளைகளை எந்த வேதத்தைக் காட்டி விற்கிறீர்கள் என்பதே அந்த வாதத்தின் சாரம். பதில் வரவில்லை. விற்பனையும் நிற்கவில்லை.

ரியோ டி ஜெனிரோவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் மொதேஸ்தோ ப்ரோகோஸ் 1895இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘காமின் மீட்பு’. எளிய வீடொன்றின் வாசல். இடப்பக்கம் வெறுங்காலோடு நிற்கும் கறுப்பினப் பாட்டி, இரு கைகளையும் உயர்த்தி வானத்தைப் பார்த்து நன்றி சொல்கிறாள். நடுவில் அவளைவிட நிறம் வெளுத்த மகள், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை வெள்ளை. வாசற்படியில் அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரத் தகப்பன் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகப் புன்னகைக்கிறான். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் விடுவித்த பிறகும் சாபம் தோலில் இருக்கிறது, மூன்று தலைமுறை வெளுத்தால்தான் அது நீங்கும் என்கிறது படம். மிகுந்த திறமையோடு தீட்டப்பட்டது என்பதாலேயே அது நெஞ்சைக் கூடுதலாகக் காயப்படுத்துகிறது. தன் நிறம் தன் குடும்பத்தைவிட்டு மறைவதற்காக ஒரு பாட்டி கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டுமாம். 1911இல் லண்டனில் நடந்த உலக இனங்கள் மாநாட்டில், ரியோ தேசிய அருங்காட்சியக இயக்குநர் லசெர்தா இந்த ஓவியத்தைத் தம் கட்டுரையோடு இணைத்து, நூறாண்டில் பிரேசிலில் கறுப்பினமே இருக்காது என்று கணித்தார்.

மொழியியலுக்குள்ளும் காம் நுழைந்தான். வட ஆப்பிரிக்க மொழிகளைக் காமின் பெயரால் ஹாமிய மொழிகள் என்று அழைக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், இந்தியர்களையே காமின் வழியினரென்று வகைப்படுத்தினார். இது ஏட்டோடு நின்றிருந்தால் பெரிய கேடில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கதை தலைகீழானது. ஆப்பிரிக்காவில் காணப்படும் அரசும் நாகரிகமும் வடக்கிலிருந்து வந்த ‘ஹாமியர்’ கொண்டுவந்தவை என்றார்கள் ஸ்பீக் போன்ற பயணிகள். ருவாண்டாவில் துட்சிகள் ஆளப் பிறந்த ஹாமியரானார்கள், ஹுட்டுக்கள் ஆளப்படப் பிறந்தவர்களானார்கள். 1930களில் பெல்ஜிய ஆட்சி அந்தப் பிரிவை அடையாள அட்டையில் அச்சிட்டது. 1992இல் ஹுட்டு அரசியல்வாதி ஒருவர், துட்சிகளை, அவர்கள் வந்ததாகச் சொல்லப்பட்ட எத்தியோப்பியாவுக்கே ஆற்றுவழியே திருப்பியனுப்பவேண்டும் என்று மேடையில் பேசினார். 1994 ஏப்ரலில் தொடங்கிய சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். சாலைத் தடுப்புகளில் கொலைகாரர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

இத்தனைக்கும் கதை பொறுப்பல்ல, தவறாகப் படித்தவர்களே பொறுப்பு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அதில் பாதி உண்மை. தகப்பன் செய்த குற்றத்துக்கு மகன் தண்டனை சுமக்கமாட்டான் என்று அதே வேதாகமத்தின் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் விரிவாகப் பேசுகிறது. எஜமானர்களின் வீட்டிலிருந்த புத்தகத்திலும் அந்தப் பக்கம் இருந்தது. அதைப் படித்தால் பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது, அவ்வளவுதான். மீதிப் பாதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பேரன் மீது சாபம் விழுகிறது என்பதும், அடிமைத்தனம் அங்கே தண்டனையாக ஏற்கப்படுகிறது என்பதும் மூலத்திலேயே இருப்பவை. அவற்றை யாரும் பின்னால் செருகவில்லை. நோவாவின் கோபத்தை நீதியென்று ஏற்கவேண்டிய கட்டாயம் எந்த விசுவாசிக்கும் கிடையாது.

அப்படியானால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா? கிழித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சாயிற்று. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் பகுதி அதில் இல்லை. அந்தப் பகுதியைப் பாட்டாகப் பாடித்தான் அமெரிக்க அடிமைகள் தைரியம் பெற்றார்கள். அடிமைகள் தப்பிச்செல்ல வழிகாட்டிய ஹேரியட் டப்மனை மோசே என்றே அழைத்தார்கள். பக்கத்தை நீக்கும் அதிகாரம் கிடைத்தால் அதை யார் முதலில் பயன்படுத்துவார்கள் என்பதை 1807 காட்டிவிட்டது. நூல் முழுதாகவே இருக்கட்டும். ஆனால் அதைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர், அதன் பேரில் ஏறிய கடனையும் சேர்த்தே பெறுகிறார். தாம் யாரையும் விற்கவில்லை என்பது அவருக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது. காமின் சாபம் என்ற பொய்யைப் பொதுவில், பெயர் சொல்லி மறுப்பது அவர் கடமை. அடிமை வைத்திருப்போர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில் 1845இல் பிறந்த அமெரிக்கத் திருச்சபை அமைப்பான தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு, 1995இல் அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டது. காமின் சாபம் என்ற போதனையைப் பெயர் சொல்லித் தள்ளியது 2018இல்தான். தாமதமானாலும் அது செய்யவேண்டிய வேலை.

ஞாயிறு பள்ளியில் நோவாவின் பேழையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பொதுவாக வானவில்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் அதற்கடுத்த வசனங்களையும் எடுத்துச் சொல்லுங்கள். சவானாவின் பேச்சையும், பிரேசில் பாட்டியின் படத்தையும், ருவாண்டாவின் அட்டையையும் அதே வகுப்பில் அவர்களுக்குக் காட்டுங்கள்.