‘இதோ வருகிறேன்’ என்னும் கடன்

கடை வைத்திருப்பவருக்குக் கடனைப் பற்றித்தான் எழுதத் தெரியும். நாம் ஓதியது மதரஸாவில். படித்தது தொடக்கப் பள்ளி வரையில். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கேரி தீவில் நம் மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றதேயாகும். ஆகவே பெரிய தத்துவங்களை நம்மிடம் எதிர்பார்க்க வேண்டாமென்று சகோதர சகோதரிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். ஒரே ஒரு கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் தாய் தகப்பன்மார், அதே வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வந்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மளிகைக் கடையானபடியால் நமக்குத் திறந்து வைக்க அனுமதி இருந்தது. ஆனால் ஆபீசில் உத்தியோகம் பார்த்த அநேகர் கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். பிள்ளைகளும் அதே வீட்டுக்குள். பள்ளிப் பாடமும் அங்கேயே வந்தது. அதற்கு ‘இல்லிருப்புக் கற்றல்’ என்று ஒரு பெயரும் வந்தது. நடுவில் தளர்த்தினார்கள், 2021 ஜனவரி 13-இல் மறுபடியும் இறுக்கினார்கள், அந்த வருஷம் ஜூன் 1 முதல் முழு அடைப்பு. உலகமெங்கும் இதே கதைதான். 2020 ஏப்ரலில் 190-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. நம் நாட்டுக் கல்வியமைச்சு அந்த வருஷம் பெற்றோரிடம் விசாரித்ததில், 36.9 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் பாடம் கேட்கக் கணினியோ கைப்பேசியோ எதுவுமே இல்லையென்று தெரிந்தது.

நம் தங்கை கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மச்சானுக்குத் துறைமுகத்தில் வேலையானபடியால் அந்த நாட்களிலும் அவர் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். பிள்ளைகள் இரண்டும் ஆண். மூத்தவனுக்கு அப்போது 8 வயது, சின்னவனுக்கு 4 வயது. ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு போன் வந்தது.

“காக்கா, இன்னைக்குச் சின்னவனை அடிச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

விசாரித்தோம். கணினியில் பத்துப் பேருக்கு முன்னால் மாதக் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்த நேரம். சின்னவன் வந்து, “உம்மா, பசிக்குது” என்றிருக்கிறான். “இதோ வர்றேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மறுபடியும் வந்தான், மறுபடியும் “இதோ”. மூன்றாவது தடவை வந்தபோது முதுகில் ஓர் அடி வைத்து, வெளியே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். கூட்டம் முடிந்து கதவைத் திறந்தால், பிள்ளை சாப்பிடாமலே வாசற்படியை ஒட்டித் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

“நான் நல்ல உம்மாதானா, காக்கா?” என்று கேட்டாள்.

நேரில் போய் ஆறுதல் சொல்ல வழியில்லை. சாமான் வாங்கக்கூட 10 கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாதென்று உத்தரவு இருந்த காலம். ஆகவே போனிலேயே புத்தி சொன்னோம்: “பொறுமையா இரு, தங்கச்சி. பிள்ளைங்க கையில போனைக் கொடுத்துடு, சும்மா இருப்பாங்க.” நல்ல யோசனை சொல்லிவிட்டதாகவே நினைத்துப் படுக்கப் போனோம். இன்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அவள் கேட்ட கேள்வி ஒன்று. நாம் சொன்ன பதில் வேறொன்று.

பராக்குக் காட்டுவது என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டுவோம், காக்கையைக் காட்டுவோம். அங்கே காட்டுகிற ஆளும் பிள்ளையோடு நிற்கிறார். கைப்பேசி காட்டும் பராக்குக்கு ஆளே வேண்டியதில்லை. அதுதான் அதிலுள்ள வசதி, அதுதான் அதிலுள்ள கேடு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வரம்பு சொல்லியிருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது; 2 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. தாய்க்கு வேலையோ 8 மணி நேரம். மிச்சம் 7 மணி நேரம் யார் கணக்கில் என்று நாம் தங்கையிடம் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை.

நம்மை யோசிக்க வைத்தது நம் மகள்தான். அவளுக்கு அப்போது 7 வயது. நம் வீடு கடைக்குப் பின்புறமே இருக்கிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், வருகிறவர் பெயரை எழுத வேண்டும், சாமான் வண்டி வராத நாளில் எங்கெங்கோ போன் செய்ய வேண்டும். அவள் வந்து, “வாப்பா, இந்தக் கணக்கு வரல” என்பாள். “இதோ வர்றேன்மா” என்போம். நம் நாட்டில் கடன் எழுதும் சின்னப் புத்தகத்தைத் தெரியாதவர் யார்? அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். கடையில் விற்கிற அதிலே ஒன்றை அவள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் தற்செயலாகப் பிரித்துப் பார்த்தோம். மேலே ‘வாப்பா’ என்று எழுதி, கீழே வரிசையாகக் கோடுகள். “இது என்னம்மா?” என்று கேட்டோம். “நீங்க ‘இதோ வர்றேன்’னு சொன்னது. வந்தா அடிச்சிடுவேன்” என்றாள். எண்ணினோம். ஒரு வாரத்தில் 23 கோடுகள், அடித்திருந்தது 4.

அவள் குறும்புக்காகச் செய்யவில்லை. கடையில் நாம் செய்வதைப் பார்த்துச் செய்தாள். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் என்பதுதான் அவள் நம்மிடம் கற்ற பாடம். 20 வெள்ளி பாக்கி வைத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! 19 பாக்கி வைத்துக்கொண்டு நாம் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதரஸாவில் உஸ்தாது சொல்லிக் கொடுத்த ஒரு சம்பவம் அன்றிரவு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தாய் தன் சிறு மகனை, இங்கே வா, ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். அங்கே இருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மேல் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். சிறு பிள்ளையில் ஓதிய இந்தச் சம்பவத்தை நாம் பொய்யைப் பற்றிய பாடமென்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம். பிள்ளையைப் பற்றிய பாடமும் அதுவே என்று அந்த 555 புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. பெரியவருக்குக் கொடுத்த வாக்கு வாக்கு, பிள்ளைக்குக் கொடுத்தது வெறும் பேச்சு என்று பிரித்து வைக்க நமக்கு உரிமை கிடையாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். ஏற்கெனவே பாரம் தாங்காமல் தவிக்கும் தாயின் தலையில் இன்னொரு பாரத்தையா வைக்கிறீர் என்று கேட்பார்கள். இல்லை. அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டில் வேலை செய்வது புதிய வழக்கமல்ல. நம் தீவிலேயே மா மெரி பழங்குடிப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இலை பின்னுவதைப் பார்க்கிறோம். பிள்ளை பக்கத்தில் இருக்கும். கையில் ஒரு கீற்று இருக்கும். பிள்ளை அழுதால் பின்னலைக் கீழே வைக்கலாம். திரும்ப எடுக்கும்போது அது வைத்த இடத்திலேயே இருக்கும். கணினிக் கூட்டத்தை அப்படிக் கீழே வைக்க முடியுமா?

தோட்டத்து வேலையையும் பார்ப்போம். ரப்பர்க் காலத்தில் பால்வெட்டுக்குப் போன தாய்மார் விடியுமுன்னே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று 1923-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. இவற்றைப் பெரிய தர்மமென்று நாம் புகழவில்லை. தாயின் கை வேலைக்கு வேண்டுமென்பதற்காகவே அநேக இடங்களில் கொட்டகை போட்டார்கள். ஓர் ஆயா பல பிள்ளைகளைப் பார்த்தாள். ஆனாலும் தாயை வேலைக்கு எடுத்தால் பிள்ளைக்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதாவது அந்த நிர்வாகங்களுக்குத் தெரிந்திருந்தது. 2020-இல் ஆபீஸ் வீட்டுக்குள் வந்தபோது ஆயாக் கொட்டகையைக் கூட அழைத்து வரவில்லை. பள்ளி ஆசிரியர், ஆயா, சமையற்காரி, குமாஸ்தா என்று நான்கு பேர் பார்க்க வேண்டிய வேலை ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. பாட்டியும் பக்கத்து வீட்டு ராத்தாவும்கூட உள்ளே வர முடியாத காலம் அது. அவள் தவித்தது கெட்ட தாயாக இருந்ததால் அல்ல.

கடைக்காரர் பாஷையில் சொன்னால், முதல் குறைவாக இருப்பது குற்றமல்ல. சின்ன முதலில் யோக்கியமாக வியாபாரம் செய்கிறவர் எத்தனையோ பேர். இல்லாத சரக்கை இருக்கிறதென்று சொல்வதுதான் குற்றம். ‘இதோ’ என்ற சொல் பெரும்பாலும் இல்லாத சரக்கு. நமக்கு நேரம் இல்லை, அது பிள்ளைக்குத் தெரியட்டும். “இப்போ முடியாதும்மா; மூணு மணிக்கு அரை மணி நேரம் உனக்கு” என்று சொல்லலாம். சொன்னால் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் முடியாவிட்டால் கால் மணி என்று சொல்லட்டும். கொஞ்சமாகச் சொல்லி முழுவதும் கொடுப்பது, நிறையச் சொல்லி ஒன்றும் கொடுக்காமலிருப்பதைவிட மேல்.

நாம் அப்படிச் செய்ய ஆரம்பித்தோம். மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் குறையும். கடிகாரத்தில் பெரிய முள் எங்கே வந்தால் வாப்பா வருவார் என்று மகளுக்குக் காட்டினோம். அதுவரையில் பருப்புப் பொட்டலங்களை எண்ணி அடுக்குவது அவள் வேலை. பராக்குக்காகக் கொடுத்த வேலையல்ல; எண்ணிக்கை தப்பினால் நமக்குத்தான் நஷ்டம், அது அவளுக்கும் தெரியும். எல்லா நாளும் வாக்கைக் காப்பாற்றினோம் என்று பொய் சொல்லமாட்டோம். சாமான் வண்டி மூன்று மணிக்கே வந்து நின்ற நாட்களும் உண்டு. அந்த நாட்களில், “வாப்பா சொன்ன சொல் தவறிட்டேன், மன்னிச்சுக்க” என்று சொன்னோம். வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் தவணை கேட்டிருக்கிறோம். மகளிடம் கேட்டபோது வந்த கூச்சம் வேறெங்கும் வந்ததில்லை.

முதல் போதவில்லையென்றால் கூட்டாளி சேர்க்க வேண்டும். அதுவும் வியாபார முறைதான். முதலாவது கூட்டாளி, வேலை கொடுப்பவர். 2023 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, தொழிலாளி தம் வேலை நேரத்தையும் நாட்களையும் இடத்தையும் மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பம் செய்யலாம். முதலாளி 60 நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். கேட்டால் கிடைத்தே தீருமென்பதல்ல. ஆனால் கேட்கும் உரிமை இருப்பதே அநேகருக்குத் தெரியாது. நம்மில் முதலாளிமாரும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தும்போது பின்னால் ஒரு குழந்தை அழும் சப்தம் கேட்டால், அந்தத் தாயை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஓதியிருக்கிறோம். தொழுகையே குழந்தைக்காகச் சுருங்கியிருக்க, ஒரு கம்பெனிக் கூட்டம் பத்து நிமிஷம் ஒத்திப்போகக் கூடாதா?

இரண்டாவது கூட்டாளி, நாம். ஒவ்வொரு தெருவிலும் வேலையிலிருந்து ஓய்ந்த பெரியவர் இருக்கிறார். வீட்டில் தனியாக இருக்கும் ராத்தா இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள், மாலையில் ஒரு மணி நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு கதை சொன்னால் போதும். இன்றும் அநேகர் வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் சிலாங்கூரில் பள்ளிகளை மூடினார்கள். இனியும் மூட வேண்டி வரலாம். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதுவும் ஒரு ‘இதோ’தான்.

நம் தங்கையின் சின்னவனுக்கு அந்த வாசற்படி ஞாபகமில்லை. அவளுக்கு இருக்கிறது. நல்ல உம்மாதானா என்று அவள் கேட்டதற்கு நாம் அன்று கொடுக்காத பதிலைப் பிற்பாடு நேரில் போய்க் கொடுத்தோம்: “நீ நல்ல உம்மாதான். உன்கிட்ட நேரம் இல்லை, அவ்வளவுதான். அதை அவன்கிட்ட மறைக்காதே.”

555 புத்தகம் நம் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. மகள் கேட்கவில்லை, நாமும் எறியவில்லை. அடிக்காத கோடுகள் அப்படியே இருக்கின்றன. இதை வாசிக்கும் சகோதர சகோதரிகள் இன்று தங்கள் வீட்டில் எத்தனை தடவை ‘இதோ வருகிறேன்’ என்று சொன்னார்கள் என்று படுக்கப் போகுமுன் ஒரு தடவை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.