யாருக்குத் தேவைப்பட்டால்?

மருந்துச் சீட்டில் சில மாத்திரைகளுக்கு எதிரே காலை, இரவு என்று நேரம் இருக்காது. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றிருக்கும். லத்தீன் தொடரின் சுருக்கம். ‘தேவைப்பட்டால்’ என்று பொருள். பாராசிட்டமாலுக்கு அப்படி எழுதினால் சிக்கலில்லை, வலிக்கிறதென்று நோயாளியே சொல்லிவிடுவார். மறதிநோய் முற்றி, நள்ளிரவில் ‘ஆத்துக்குப் போணும்’ என்று கதவைத் தட்டும் பாட்டிக்குக் குவட்டியாபின் என்ற மனப்பிறழ்வு மருந்தை அப்படி எழுதினால்? தேவை பாட்டிக்கா, முதியோர் இல்லத்தில் தனியாளாய் இரவு டியூட்டி பார்க்கும் ஆயாவுக்கா?

ஸ்ரீரங்கத்தில் இக்கேள்வி இன்னும் உறைக்கும். கடைசிக் காலத்தில் அரங்கன் நாமம் வாயில் இருக்க வேண்டுமென்றே இங்கு வந்து தங்கும் முதியவர்கள் உண்டு. பெரியாழ்வாருக்கே அந்தக் கவலை இருந்திருக்கிறது. உயிர் போகும் நேரத்தில் உன்னை நினைக்க என்னால் ஆகாது, அதனால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன் என்று தம் திருமொழியின் 4ஆம் பத்தில் அரங்கனிடம் விண்ணப்பிக்கிறார். வைணவர் போற்றும் வராக சரம சுலோகம் அதற்குப் பதில் போலிருக்கும்: கட்டையாய்க் கிடக்கும் பக்தனை நானே நினைத்துக்கொள்கிறேன் என்கிறார் பெருமாள்.

அப்படியானால் மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் அந்த வாக்கு கிடப்பவருக்குத் தரப்பட்டது, கிடத்தியவருக்கு அல்ல. கிடத்தியவர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள்; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மனநல நிலையங்களில் ஒருவரை உடலளவில் கட்டுப்படுத்தினால் காரணத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கச் சொன்னது. மாத்திரையோ சத்தமில்லாத சங்கிலி. அமெரிக்க முதியோர் இல்லங்களில் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதும் மனநல மருந்துக்கு 2017 முதல் 14 நாள் வரம்பு உண்டு. மனப்பிறழ்வுக்கான மருந்தென்றால், மருத்துவர் மறுபடி பரிசோதிக்காமல் நீட்டிக்க முடியாது. மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அந்நாட்டு மருந்துத் துறை 2005இலேயே எச்சரித்தது.

‘அமைதியின்மை, மாத்திரை கொடுக்கப்பட்டது’ என்ற ஒரு வரி கணக்காகாது. பாட்டி என்ன செய்தார்? மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, தாகமா என்று யாராவது பார்த்தார்களா? பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்களா? மாத்திரைக்குப் பின் எத்தனை மணி நேரம் தூங்கினார், எழுந்தபோது தடுமாறினாரா? கோயிலில் யார் என்ன திருப்பணி செய்தார் என்பதையெல்லாம் ‘கோயிலொழுகு’ என்று எழுதிவைத்த ஊருக்கு இது பெரிய வேலையல்ல.

பெரியாழ்வார் செய்ததைப் போலவே, மனநோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அதே 2017 சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே அதை எழுதச் சொல்லி அப்பா அம்மாவிடம் பேசுங்கள். இல்லத்தில் சேர்த்துவிட்டீர்களானால், அடுத்த முறை போகும்போது எஸ்.ஓ.எஸ். மாத்திரைகளைக் குறித்த தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.