இரத்தத்தின் சாட்சியம்

அரநாயக்கவில் லயத்துப் பெண்ணொருத்தி கிராமத்துச் சிங்கள இளைஞனை மணந்தால், இரு தரப்பு முதியோரும் ஒரே குரலில் முணுமுணுப்பர்: “இரத்தம் கெட்டது.”

கெட்டதா? 1934–35இல் மலேரியா கேகாலைப் பகுதியைச் சூறையாடியது. இலங்கையெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அக்காய்ச்சலுக்கெதிராகத் தலைமுறை தலைமுறையாய் மனிதரைக் காத்த இரத்தக் கூறுகளுள் ஒன்று தலசீமியா. அது தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து வந்தால் கேடயம். இருவரிடமிருந்தும் வந்தால், பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் குருதியேற்ற வேண்டிய நோய் நேரலாம். நெருங்கிய உறவுக்குள்ளேயே மணந்தால் இவ்வபாயம் மிகும். ‘தூய்மை’யின் விலையைக் குழந்தை கொடுக்கிறது.

ஆயினும் இவ்வாதத்தில் எனக்கொரு தயக்கம். கலப்பு உடலுக்கு நன்மை என்பதால் அவர்கள் மணக்கலாமென்றால், தீமையென நாளை எவரேனும் நிறுவினால் தடுத்துவிடலாமா? பிறப்பை அளவுகோலாக்கினால் என்னவாகும் என்பதை லயங்கள் அறியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். மரபணுவை நம் பக்கச் சாட்சியாக அழைத்தாலும் வழக்கு அதே நீதிமன்றத்தில்தான் நடக்கும்.

மணத்துக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், பிள்ளையின் நலத்துக்காக. ஊரின் அனுமதிக்காக அன்று.