நோட்டு யார் கையில்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று மேற்கே போனது. விழுந்த தென்னைக்கு அரசு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் 500 ரூபாய் மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதற்கான கூலி. புதுத் தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அந்த நாட்களில் வந்த செய்திகளுக்கு நடுவே ஒரு சின்னச் செய்தி. ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர், புயலில் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் தன் கடையில் வைத்திருந்த பழைய பாக்கியைத் தர வேண்டாம் என்று கடையிலேயே எழுதி வைத்துவிட்டார். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதி மாட்டுகிற சுவரில் இப்படி ஓர் அறிவிப்பு. பத்திரிகைகள் பாராட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. நல்ல மனுஷர் என்று சொல்லி நானும் நகர்ந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவருடைய நல்ல மனசைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பாக்கி நோட்டு. அது அவர் கையில் இருந்தது. அதனால்தான் அவரால் அதைச் செல்லாது என்று சொல்ல முடிந்தது.

இதிலென்ன இருக்கிறது, கடன் கொடுத்தவன்தானே கணக்கு எழுதுவான் என்று கேட்கலாம். அந்த வட்டாரத்தில் அப்படி இல்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி என்று இந்த ஊர்களெல்லாம் மொய் விருந்துக்குப் பேர்போனவை. ஆடி பிறந்தால் ஃப்ளெக்ஸ் பலகைகளும் பத்திரிகைகளும் வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்காது. மொய் வாங்குவதற்காகவே விருந்து. செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து போடுவார்கள், ஆளுக்கொரு மேஜையில் தனித்தனியாக மொய் எழுதுவார்கள். ஒருவர் ஒரு முறை விருந்து வைத்தால் அடுத்தது ஐந்து வருஷம் கழித்து. கிணறு வெட்டியது, பிள்ளையை வெளிநாடு அனுப்பியது, கடை வைத்தது எல்லாம் இந்தப் பணத்தில்தான். இந்த ஏற்பாட்டில் நோட்டை வைத்திருப்பவர் பணம் வாங்கியவர். யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக எழுதி, பீரோவில் பட்டாவோடும் பத்திரத்தோடும் சேர்த்துப் பத்திரப்படுத்துவது கடன்பட்டவர் வீட்டில். கடன்பட்டவரே தன் கடனைத் தன் கையால் எழுதிக்கொண்டு, பத்திரிகை வரும்போதெல்லாம் அந்த நோட்டை எடுத்துப் பார்த்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார். கையெழுத்து கிடையாது, புரோநோட்டு கிடையாது, கோர்ட்டுக்குப் போக வழியும் கிடையாது. எழுத்து அழகாக இருக்கிற பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொன்ன நோட்டுகள்கூட ஒரு தலைமுறை தாண்டி மதிக்கப்பட்டிருக்கின்றன.

மொய்யை வியாபாரம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள், கணக்கு வந்துவிட்டாலே அன்பு போய்விடும் என்று நினைக்கிறார்கள். திருக்குறளிலேயே ஒப்புரவறிதல் அதிகாரம் மழையைக் காட்டி, அதற்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்டுத் தொடங்குகிறதே என்பார்கள். சரிதான். ஆனால் அதே நூலில் செய்ந்நன்றி அறிதல் என்று இன்னோர் அதிகாரமும் உண்டு. முன்னது கொடுப்பவருக்கு, திரும்பி எதிர்பார்க்காதே என்கிறது. பின்னது பெற்றவருக்கு, மறக்காதே என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வள்ளுவர் கணக்கே வேண்டாம் என்று சொன்னதாகத் தோன்றவில்லை. கணக்கு பெற்றவர் கையில் இருக்கட்டும் என்று சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. அப்படிப் பார்த்தால் மொய் நோட்டு வள்ளுவருக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

எப்போதோ படித்த ஒன்று இங்கே வந்து குறுக்கே நிற்கிறது. நைஜீரியாவின் டிவ் மக்களிடையே வாழ்ந்த மானுடவியலாளர் லாரா பொஹானன் எழுதியது. கடனின் வரலாற்றைப் பற்றி 2011 இல் வந்த டேவிட் கிரேபரின் புத்தகத்திலும் அது வருகிறது. பொஹானன் போய்க் குடியேறியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொஞ்சம் சோளம், கொஞ்சம் தக்காளி, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். யார் என்ன கொடுத்தார் என்று குறித்துக்கொண்ட அவருக்கு, எப்படித் திருப்பித் தருவது என்று இரண்டு பெண்கள் சொல்லித் தருகிறார்கள். ஒன்றுமே தராமல் இருந்தால் உறிஞ்சிப் பிழைக்கிறவள் ஆகிவிடுவாய். சரிக்குச் சரி தந்தாலோ உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். அதனால் கொஞ்சம் கூடவோ கொஞ்சம் குறையவோ தரவேண்டும். எப்போதும் யாராவது யாருக்காவது கொஞ்சம் கடன்பட்டிருந்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் இருக்கும். 100 எழுதாமல் 101 எழுதுகிற, வாங்கியதற்கு மேல் சேர்த்துத் திருப்புகிற நம் வழக்கத்தை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டிவ் பெண்களிடம் நோட்டு இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் அவர்களும் மறக்கவில்லை.

மொய் நன்றி என்றால், மொய் செய்ய நகை அடகு வைக்கிறவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அதை மழுப்பக் கூடாது. இருக்கிறார்கள். ஒரே ஆடியில் பத்துப் பத்திரிகை வந்தால் கூலி வாங்குகிற வீட்டில் அடுப்பெரியாது. மைக்கில் பெயரும் தொகையும் வாசிக்கும்போது, குறைவாக எழுதியவர் அந்தப் பந்தலில் நிமிர்ந்து சாப்பிட முடியாது. நோட்டு தன் கையில் இருப்பதால் கடன்பட்டவர் சுதந்திரமாக இருக்கிறார் என்று நான் சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தேதியில் இருக்கிறது. எப்போது திருப்பித் தருவது என்பதை முடிவு செய்பவர் முன்பு கொடுத்தவர். அவர் விருந்து வைக்கிற நாள்தான் கெடு. நோட்டு வாங்கியவர் கையில், தேதி கொடுத்தவர் கையில். டீக்கடையில் இது தலைகீழாக இருக்கிறது. நோட்டு கடைக்காரர் கையில், தேதி குடித்தவர் கையில். “கை வந்ததும் குடுத்துர்றேண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடிவதும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் மறுநாள் கிளாஸை நீட்டுவதும் அதனால்தான்.

இங்கே என் வாதம் ஓரிடத்தில் வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். ஊருக்குள் ஒருவர் இன்னொருவருக்கு உதவும்போது கணக்கு இருப்பதால் கேடு வருவதில்லை. கணக்கும் கெடுவும் ஒரே கையில் சேரும்போது வருகிறது. கந்துவட்டியில் அதுதான் நடக்கிறது. நோட்டும் அவனுடையது, தேதியும் அவனுடையது, போதாததற்கு எழுதாத வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தும் அவனுடையது. அதைத் தடுக்க 2003 இல் ஒரு சட்டம் வந்தது. வாரத் தவணைக் கடன் தருகிறவர்களின் வசூல் முறையைக் கட்டுப்படுத்த 2025 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. வாரக் கடன் வாங்கியவரிடமும் அட்டை இருக்கிறது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவர் வேறு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று தீர்மானிப்பவரும் அவரே. வட்டி விகிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் குறை. வட்டி குறைந்தாலும் இந்த இரண்டும் ஒரே கையில் இருந்தால் வாசலில் வந்து நிற்பவரின் குரல் மாறாது.

மொய்யும் இப்போது அந்தத் திசையில் நகர்கிறது. பல விருந்துகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பணத்தைக் கொடுத்ததும் பெயர், ஊர், தொகை அச்சடித்த ரசீது கையில் கிடைக்கிறது, பணம் எண்ணும் எந்திரமும் பக்கத்திலேயே இருக்கிறது. தப்பில்லாத கணக்கு, வசதிதான். ஆனால் ரசீது என்பது கொடுத்தவர் கையில் இருக்கும் நோட்டு. தேதி ஏற்கனவே அவர் கையில் இருந்தது. இப்போது சாட்சியும் அவர் பைக்குப் போய்விட்டது. ரசீதா கெடுத்தது, முன்பும் கொடுத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டுதானே இருந்தார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். வைத்திருந்தார்கள். ஆனால் அதை வெளியே எடுத்துக் காட்டுவது அநாகரிகம் என்ற கூச்சமும் சேர்ந்து இருந்தது. வாங்கியவர் வீட்டு நோட்டில் தன் பெயர் விட்டுப்போயிருந்தால் கொடுத்தவர் மனசுக்குள் புழுங்குவாரே தவிர வாய்விட்டுக் கேட்க மாட்டார். அச்சடித்த தாளை நீட்ட அவ்வளவு கூச்சம் தேவைப்படாது என்று பயப்படுகிறேன்.

இத்தனை சொன்ன பிறகும் டீக்கடைக்காரர் என் வாதத்தை ஒரு பக்கத்தில் உடைக்கிறார். நோட்டு வாங்கியவர் கையில் இருப்பதே மேல் என்று மொய்யை நான் புகழ்ந்தேனே, அந்த மொய்யில் மன்னிக்க யாராலும் முடியாது. புயல் வந்து ஆயிரம் தென்னை விழுந்தாலும், வாங்கியவர் தன் நோட்டைத் தானே அடித்துவிட முடியாது, அடித்தால் மோசடி. கொடுத்தவர் போய், நீங்கள் எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டாம் என்று சொன்னால் அது உதவியாகக் காதில் விழாது. உன்னால் முடியாது என்று தெரியும், இனி உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் விழும். டிவ் பெண்கள் பயந்த அதே முறிவு. விருந்தைத் தள்ளிப்போடலாம், கெடுவை நீட்டலாம், அதற்கு மேல் அந்த ஏற்பாட்டுக்குள் இரக்கத்துக்கு இடமில்லை. நோட்டைத் தன் கையில் வைத்திருந்த ஒருவரால்தான் ஒரே நாளில் எத்தனையோ பேரின் பாக்கியை இல்லையென்று ஆக்க முடிந்தது. அப்படியானால் கொடுப்பவர் கையில் நோட்டு இருப்பது அதிகாரத்துக்கு மட்டுமல்லாமல் கருணைக்கும் வேண்டியிருக்கிறது.

இதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது, முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். பாக்கி வேண்டாம் என்று கடைக்காரர் எழுதி வைத்ததும் கணக்கு அழிந்துவிடவில்லை. அது கை மாறியது. அதுவரை எவ்வளவு தரவேண்டும் என்பது அவருடைய நோட்டில் இருந்தது. அதற்குப் பிறகு குடித்தவரின் நினைவில் இருக்கிறது. கெடுவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. செய்ந்நன்றி அதிகாரம் பெற்றவரிடம் எதைக் கேட்கிறதோ அந்த நிலைமைக்கு ஒரு பலகை அவர்களைக் கொண்டுவந்துவிட்டது. கடன் நன்றியாக மாற வேண்டுமானால் கொடுத்தவர் முதலில் நோட்டைக் கீழே வைக்க வேண்டும். ஆனால் வைப்பதற்கு அவர் கையில் ஒரு நோட்டு இருந்திருக்க வேண்டும் என்ற சிக்கல் இதனால் தீரவில்லை, கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் எந்த நோட்டிலும் பெயர் இல்லாதவர்களைப் பற்றியது. மொய் சொந்தபந்தத்துக்குள்ளும் பெரும்பாலும் சாதிக்குள்ளும் சுற்றி வருகிற பணம். திருப்பித் தர முடியும் என்று நம்பப்படுகிறவருக்குத்தான் அதில் வரி உண்டு. தென்னைக்கு நிவாரணம் தோப்புக்காரருக்குப் போனது. அந்தத் தோப்பில் காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்தவருக்கும் மரத்தோடு சேர்ந்து வேலையும் விழுந்தது. அவர்கள் பெயரில் மரம் இல்லை. அவர்களுக்கு ஊரில் எங்காவது கணக்கு இருந்ததென்றால் அது மளிகைக் கடையிலும் டீக்கடையிலும்தான். 2005 இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்று பதிகிற அட்டை வேலை செய்பவரின் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளும் உரிமையை, கொடுக்கல் வாங்கல் வட்டத்துக்கு வெளியே நின்றவருக்குச் சட்டம் கொடுத்தது. நடைமுறையில் அட்டைகள் வேறு யாரோ ஒருவரிடம் கட்டாகக் கிடந்த கதைகளும் உண்டு என்பதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

டீக்கடையை ஊரின் பொதுத் திண்ணையாக நினைத்து நெகிழ்ந்து போவதிலும் ஆபத்து இருக்கிறது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த விவகாரம் வெளியே வந்த 2022 ஆம் ஆண்டின் இறுதியில், பக்கத்து இறையூரில் ஒரு டீக்கடையில் சாதி பார்த்து இரட்டைக் குவளை இருந்தது என்று வழக்குப் பதிவானது. கடன் சொல்ல முடிகிற கடையிலேயே எந்தக் குவளையில் குடிப்பது என்பதை இன்னொருவர் முடிவு செய்கிற நிலைமையும் இருக்கக்கூடும். நோட்டு, தேதி என்று நான் வகுத்த அளவுகோல் இந்த இடத்தில் பயன்படவில்லை. அது ஏற்கனவே வரிசையில் நிற்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கு இடையில் நியாயத்தை அளக்கிறது. வரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அளக்கத் தெரியாது. மொய் நோட்டு யாரையும் இரக்கத்துக்கு ஆளாக்காது, ஆனால் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளாது. கடை நோட்டு மொய்யைவிடக் கொஞ்சம் தாராளமாக ஆளைச் சேர்க்கும், ஆனால் ஒருவருடைய குணத்தை நம்பி நிற்கும். அடுத்த புயலில் அதே மாதிரி ஆள் கல்லாவில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அரசின் அட்டை இரண்டு குறையையும் தீர்க்கக்கூடும், ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக அது எந்தக் காரணத்தையும் தருவதில்லை. இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டால், ஒரு வாரம் ஒன்றைச் சொல்கிறேன், அடுத்த வாரம் வேறொன்றைச் சொல்கிறேன்.