கர்த்தாவும் சாட்சியும்

1926ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி, மான்செஸ்டர் நகரத்து பெல் வ்யூ மைதானத்தில், ஏறத்தாழ 1,700 பேர் கூடி நிற்க, மின்விசையால் இழுக்கப்பட்டு ஓடிய ஒரு பொம்மை முயலின் பின்னே கிரேஹவுண்டு நாய்கள் பாய்ந்த அந்தச் சாயங்காலத்தை, வேட்டையின் வரலாற்றில் ஒரு தயையின் தொடக்கமாகவே அதை நடத்தியவர்கள் எடுத்துரைத்தார்கள். அதுவரை வெட்டவெளியில் உயிருள்ள முயலை ஓடவிட்டு, இரண்டு நாய்களை அதன்மேல் ஏவி, எது கெட்டிக்கார நாய் என்று தீர்மானிப்பதே கனவான்களின் வழக்கமாக இருந்தது. இனி முயல் சாக வேண்டியதில்லை என்பது மெய்யாகவே ஒரு நல்ல செய்திதான். ஆனால் முயலுக்காக இரங்கிய அந்த மனம், அதைத் துரத்துகிற நாய்க்கு என்ன நேரும் என்று கேட்கவில்லை. கிறிஸ்தவ சபையார் இந்தப் புதிய கேளிக்கையைக் கண்டித்தார்கள். கண்டித்ததும் உழைக்கும் ஏழைகளின் கூலி சூதில் கரைகிறதே என்ற கவலையால்தான். மனிதனுடைய ஆத்மாவுக்காக ஒருவர் வாதாடினார், மனிதனுடைய பொழுதுபோக்குக்காக மற்றொருவர் வாதாடினார். அந்த வழக்கில் நாய் ஒரு கட்சிக்காரனாகக்கூடச் சேர்க்கப்படவில்லை.

நான் இங்கே விசாரிக்க விரும்புவது சூதின் பாவத்தைப் பற்றியன்று. ஒரு செயலுக்கு உரிமம் கிடைத்துவிட்டால் அதன் தர்மம் மாறுகிறதா என்பதே என் கேள்வி. அதற்கு பிரிட்டனின் கிரேஹவுண்டு பந்தயத்தைப் போலப் பொருத்தமான உதாரணம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஏனெனில் அங்கே ஒரே ஆட்டம், ஒரே இன நாய், ஒரே வட்டப்பாதை, ஒரே பொம்மை முயல் ஆகியவற்றைக் கொண்டே, இரண்டு வேறு உலகங்கள் ஒரு நூற்றாண்டாக அருகருகே இருந்துவந்தன. 1928ஆம் ஆண்டில் தேசிய கிரேஹவுண்டு பந்தய சங்கம் ஏற்பட்டு, பந்தயத்துக்கான விதிகளை வகுத்து, மைதானங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் உரிமம் வழங்கத் தொடங்கியது. 2009 முதல் அந்த அதிகாரம் கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்டு வாரியத்திடம் இருக்கிறது. அந்த விதிகளுக்குக் கட்டுப்படாமல் தனியே நடந்த மைதானங்களை 'ஃபிளாப்பிங்' மைதானங்கள் என்று அழைத்தார்கள். அவை சட்டவிரோதமானவை அல்ல. சங்கத்தின் பதிவேட்டில் இல்லாதவை, அவ்வளவுதான். இருந்தும், ஃபிளாப்பிங்கில் நாயை ஓட்டியவனுக்கு உரிமம் பெற்ற மைதானத்தில் இடமில்லை என்று, தீட்டுக் கழிப்பதைப் போல, விலக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது.

இந்தத் தனி மைதானங்கள் பெரும்பாலும் வடக்கு இங்கிலாந்திலும், தெற்கு வேல்ஸிலும், ஸ்காட்லாந்திலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்களை ஒட்டியே இருந்தன. சுரங்கத்திலிருந்து வெளியேறி, கரியைக் கழுவிக்கொண்டு, வீட்டு அடுப்பங்கரை ஓரத்தில் படுத்திருந்த தன் நாயைத் தோல்வாரில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்து வந்த மனிதனே அங்கே உரிமையாளன், அவனே பயிற்சியாளன், அவனே பந்தயம் கட்டுகிறவன். நாய்க்கு அன்றைக்கு ஒரு பெயர், அடுத்த வாரம் வேறொரு மைதானத்தில் வேறொரு பெயர். வேகமான நாயை மந்தமான நாயாகக் காட்டி, பந்தயத்தில் பணம் பண்ணிய தந்திரங்களும் உண்டு. நாயின் இரத்தத்தில் என்ன மருந்து ஓடுகிறது என்று சோதிப்பாரும் பெரும்பாலும் இல்லை. காலெலும்பு முறிந்த நாயை அந்த இரவே என்ன செய்தார்கள் என்று எழுதி வைப்பாரும் இல்லை.

உரிமம் பெற்ற மைதானத்தில் நிலைமை வேறு. அங்கே நாய்க்கு ஒரே பெயர், காதில் பச்சை குத்திய அடையாளம், ஓடிய ஓட்டங்களின் வரலாறு, எடை, நேரம், மருந்துச் சோதனை, கால்நடை மருத்துவரின் பார்வை எல்லாம் உண்டு. ஆனால் நாய் உரிமையாளனின் வீட்டில் வளர்வதில்லை. பெரும்பாலும் அயர்லாந்தில் பிறந்து, கடல் கடந்து வந்து, உரிமம் பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் கொட்டிலில், பல நாய்களுள் ஒன்றாக, பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. அதை வாங்கியவர் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம், வராமலும் இருக்கலாம். 1961இல் பந்தயக் கடைகள் சட்டபூர்வமாகத் திறக்கப்பட்டு, 1967இல் பகல்நேரப் பந்தயங்களை அந்தக் கடைகளுக்காகவே நடத்தும் ஏற்பாடு தோன்றிய பிறகு, பார்வையாளர் ஒருவரும் இல்லாத காலியான படிக்கட்டுகளுக்கு முன்னால், எங்கோ ஒரு தெருக்கோடிக் கடையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முகம் தெரியாத மனிதனுக்காக, ஆறு நாய்கள் அரை நிமிஷம் ஓடி முடிப்பது அன்றாடக் காட்சியாயிற்று.

இங்கேதான் பழைய தர்ம விசாரம் ஒன்று எனக்கு வழிகாட்டுகிறது. ஊன் உண்பதன் பாவம் யாரைச் சேரும் என்று ஆராய்ந்த மனுஸ்மிருதி, வெட்டியவனோடு நின்றுவிடாமல், அதற்கு இசைந்தவன், விற்றவன், வாங்கியவன், சமைத்தவன், பரிமாறியவன் என்று வரிசையாக எல்லாரையும் அந்தச் செயலின் கர்த்தாக்களாகவே எண்ணுகிறது. வள்ளுவரும் புலால் மறுத்தலில், வாங்குவோன் இல்லாவிட்டால் விற்போன் ஏது என்ற அதே பாதையில் சிந்தித்தவர்தாம். பங்கு பிரிந்தால் பாவம் குறைகிறது என்று இவர்கள் கருதவில்லை. பங்காளிகள் பெருகினால் ஒவ்வொருவரும் முழுக் கர்த்தாவே என்றார்கள். நவீன நிர்வாகம் இதற்கு நேர்மாறான ஒரு கணக்கைப் போடுகிறது. நாயை வாங்கியவர் பயிற்சியாளரைக் காட்டுகிறார். பயிற்சியாளர் மைதானத்தைக் காட்டுகிறார். மைதானம் விதிப்புத்தகத்தைக் காட்டுகிறது. விதிப்புத்தகம் தன்னை எழுதிய வாரியத்தைக் காட்டுகிறது. வாரியமோ கையொப்பமிட்ட படிவத்தைக் காட்டுகிறது. ஃபிளாப்பிங் மைதானத்தில் கர்த்தா இருக்கிறான், சாட்சி இல்லை. உரிமம் பெற்ற மைதானத்தில் சாட்சிகள் பலர் இருக்கிறார்கள், கர்த்தாவைத்தான் காணோம்.

சாட்சி என்ற சொல்லை நான் பெருமைக்குரியதாகவே இங்கே பயன்படுத்துகிறேன். எழுதி வைக்கப்படாத துன்பம் நேராத துன்பமாகவே நின்றுவிடும். ஆகையால் எண்ணுவதும் ஒருவகைத் தவமே. 2018ஆம் ஆண்டு முதல் வாரியம் தன் மைதானங்களில் நாய்களுக்கு நேரும் காயங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. அந்த முதலாண்டுக் கணக்கில் காயங்கள் 4,000த்தைத் தாண்டின. இந்தத் தொகை நம்மை நடுங்க வைக்கிறது. அப்படி நடுங்க முடிவதற்கும் ஒரு பதிவேடு வேண்டியிருக்கிறது. தனி மைதானங்களுக்கு அப்படிப்பட்ட கணக்கு இல்லை. ஆகையால் அவற்றின் ஆதரவாளர்கள் தம் நாய்கள் சுகமாக இருப்பதாகச் சொல்லும்போது, அதை மறுக்கவும் முடிவதில்லை, நம்பவும் முடிவதில்லை. எனினும் இந்தச் சாட்சி முற்றும் பற்றற்ற சாட்சி அல்லன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாரியம் அந்தத் தொழிலே தனக்கு அமைத்துக்கொண்ட அமைப்பு. அதன் செலவுக்குப் பெரும் பணம் பந்தயக் கம்பெனிகள் விரும்பித் தரும் நிதியிலிருந்து வருகிறது. வேதாந்தம் பேசும் சாட்சிக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை; இந்தச் சாட்சிக்கு இரண்டும் உண்டு.

சாட்சியின் பார்வை எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியிலுள்ள சீஹம் என்னும் ஊரில், கட்டடப் பொருள் வியாபாரி ஒருவர், ஓட்டம் முடிந்த கிரேஹவுண்டு நாய்களைத் தலைக்கு 10 பவுன் கூலி வாங்கிக்கொண்டு, கால்நடைகளைக் கொல்லும் ஆணித் துப்பாக்கியால் கொன்று, தம் நிலத்தில் புதைத்துவந்தார் என்பதை ஒரு ஞாயிறு பத்திரிகை வெளிப்படுத்தியது; 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 நாய்கள் என்று அது மதிப்பிட்டது. மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்கு 2,000 பவுன் அபராதம் விதித்தது. எதற்காக? கொன்றதற்காக அல்ல, தன் நாயைத் துன்பமின்றிக் கொல்வதும், கொல்லச் சொல்வதும் அந்த நாட்டுச் சட்டத்தில் குற்றமில்லை. அனுமதியில்லாமல் புதைத்ததற்காக. ஓடுவதற்கு ஓர் உரிமம், ஓட்டுவதற்கு ஓர் உரிமம், கடைசியில் மண்ணில் புதைவதற்கும் ஓர் உரிமம் வேண்டியிருந்தது. அந்த மூன்றுக்கும் நடுவே அந்த உயிர் யாருடைய பொறுப்பு என்ற ஒரு கேள்விக்கு மாத்திரம் படிவம் இருக்கவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, உரிமம் என்ற சொல்லை நான் பழைய நிம்மதியோடு உச்சரிக்க முடிந்ததில்லை.

இந்தச் செய்தியை இம்மானுவேல் கான்ட் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கத் தேவையில்லை. தம் அறவியல் சொற்பொழிவுகளில், நெடுநாள் உண்மையாய் உழைத்து முதுமை அடைந்த நாயையே அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதைச் சுட்டுக் கொல்கிறவன் நாய்க்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறவில்லை, தன்னுள் இருக்கும் மானுடத்தையே ஊனப்படுத்திக்கொள்கிறான் என்று கூறினார். மிகுந்த மதிப்புக்குரிய அந்த ஞானியோடு இந்த ஓர் இடத்தில் என்னால் உடன்பட இயலவில்லை. நாய்க்கு நேரே நாம் கடன்பட்டவர்கள் அல்ல, நம் குணத்துக்கே கடன்பட்டவர்கள் என்றால், நம் குணம் கெடாதபடி நேர்த்தியாக, கைக்கு உறை போட்டுக்கொண்டு, விதிப்படி நடத்தப்படும் தீங்கை எதைக்கொண்டு மறுப்பது? சீஹத்துக்குத் தம் நாயை அனுப்பியவர்களில் ஒருவரேனும் தம்மைக் கொடியவர் என்று எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய மானுடம் அவர்கள் கண்ணுக்கு ஊனமின்றியே இருந்திருக்கும். துன்பப்பட்டது நாய், கடனும் அதற்கே உரியது.

சீஹம் நிகழ்ச்சிக்குப் பின் விசாரணைகள் நடந்தன. டோனஹியூ பிரபுவின் அறிக்கை 2007இல் வந்தது. 2010இல் இங்கிலாந்தில் பிறந்த நலவிதிகள், உரிமம் பெற்றதாயினும் பெறாததாயினும் எல்லா மைதானங்களிலும் ஓட்டத்தின்போது கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், ஒவ்வொரு நாயும் ஓடுவதற்கு முன் பரிசோதிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டன. மைதானத்து வாயிலுக்கு வெளியே, நாய் தன் வாழ்நாளில் பெரும்பங்கைக் கழிக்கும் கொட்டில் பக்கம் அந்த விதிகள் போகவில்லை. 2020இல் வாரியம், ஓய்வுபெறும் நாயின் மறுவாழ்வுக்காக, பதிவின்போதே 400 பவுன் ஒதுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாதி உரிமையாளருடையது, பாதி வாரியத்துடையது. கர்த்தாவைத் தேடிப் பிடித்து அவன் கையாலேயே ஒரு பங்கை முன்கூட்டி வைக்கச் சொன்ன முதல் ஏற்பாடாக இது எனக்குத் தோன்றுகிறது. உரிம முறையின் சாதனைகளில் இதையே நான் உயர்வாக வைப்பேன்.

ஆனால் எந்த விதியாலும் நேராக்க முடியாத ஒரு வளைவு இருக்கிறது. நாய்கள் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடுகின்றன. மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆறு நாய்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முதல் வளைவில் நுழையும்போது, உடலின் பாரமும் வேகத்தின் விசையும் வெளிப்பக்கத்துப் பின்னங்காலில், அதாவது வலக்காலில் வந்து விழ, அந்தக் காலின் கணுக்காலில் உள்ள நடு எலும்பு நொறுங்குகிறது. மருத்துவர்கள் நன்கறிந்த காயம் இது. பெயர் பதிந்த நாய்க்கும் பெயர் மாறிய நாய்க்கும் முறிவது ஒரே எலும்புதான். பக்கத்தில் மருத்துவர் இருந்தால் வலி சீக்கிரம் தணியும். அது சிறிய லாபமல்ல, அந்த நாய்க்கு அதுவே எல்லாம். அந்த ஒன்றுக்காகவே, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் உரிம முறையையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் வளைவை அமைத்தது நாம். நாய்க்கு அந்த வளைவு தேவைப்பட்டதில்லை.

தனி மைதானங்களின் காலம் இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. 2020இல் கிளாஸ்கோ அருகே ஷாஃபீல்டு மூடப்பட்டபின் ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பகுதியின் தார்ன்டன் ஒன்றே எஞ்சி நின்றது. வேல்ஸில் இஸ்ட்ராட் மனக் ஊரின் வேலி மைதானம் நெடுங்காலம் உரிமம் இன்றியே நடந்து, 2023இல் வாரியத்தின் உரிமத்தைப் பெற்றது. சாட்சியை உள்ளே அழைத்துக்கொண்டால் பிழைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்திருக்கும். 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசு, உரிமம் உள்ளது, இல்லாதது என்ற பாகுபாடே இல்லாமல், கிரேஹவுண்டு பந்தயத்தையே தடைசெய்யப்போவதாக அறிவித்தது. தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் சனிக்கிழமை மாலைகளில் மனிதர்களை ஓரிடத்தில் கூட்டிவைத்தது அந்த வேலி மைதானம். அதன் இழப்பை வருந்தாமல் எழுத என்னால் முடியவில்லை. ஆயினும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே முறிந்த காலோடு நின்ற நாயை வைத்துப் பார்க்கும்போது, அறிவித்தவர்கள் செய்தது சரி என்றே சொல்கிறேன். ஓட்டம் நின்ற மறுநாள் காலையிலும் அங்குள்ள வீடுகளில் சில கிரேஹவுண்டுகள் எழுந்து, வாசலில் தொங்கும் தோல்வாரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அவற்றோடு மலையடிவாரம் வரை நடக்க வேண்டியிருக்கும்.