மூன்றாமவன் குற்றமா?

இருவருக்கு நடுவே அகப்பட்டுத் தவிப்பவனைக் கண்டால், 'மனத்திடம் இல்லாதவன்' என்று உலகம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நிற்பவனானாலும் சரி, சண்டையிட்ட நண்பர் இருவருக்கும் வேண்டியவனானாலும் சரி, தீர்ப்பு ஒன்றுதான். இது நியாயமா? பௌதிகம் கூறும் ஒரு செய்தியைப் படித்தபின் எனக்கு இந்தச் சந்தேகம் வலுத்திருக்கிறது.

கரியும் கந்தகமும் கலந்த மூலக்கூறுகள் ஓர் அடுக்கு, செம்பும் சயனைடும் சேர்ந்தது மறு அடுக்கு என்று மாறி மாறி அமைந்த படிகம் ஒன்று உண்டு. மின்சாரம் ஓடுவதானால் கரி அடுக்கின் வழியேதான் ஓட வேண்டும். செம்பு அடுக்கு வெறும் சுவர். ஆனால் கரி அடுக்கிலும் எலெக்ட்ரான்கள் நகர்வதில்லை. இரண்டு மூலக்கூறு சேர்ந்த வீட்டுக்கு ஒன்றாகக் குடியிருக்கும் அவற்றுக்கு, ஒரே வீட்டில் இன்னொன்று வந்து தங்கினால் பொறுக்காது.

ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம். இங்கே அண்டை வீட்டுக்காரன் மேலே நோக்கினால், தான் கீழே நோக்கவே ஒவ்வொன்றும் விரும்பும். வீடுகள் சதுரமாக அமைந்திருந்தால் இது எளிது. முக்கோணமாக இருந்தால்? ஒருவன் மேலே, ஒருவன் கீழே. மூன்றாமவன் எப்படி நின்றாலும் ஒருவனுக்கு விரோதிதான். அவனிடம் என்ன குறை? குறை முக்கோணத்தில் அல்லவா இருக்கிறது!

இத்தகைய காந்தங்கள் கடுங்குளிரில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சாய்ந்து நின்று உறைந்துவிடுவதும் உண்டு. இந்தப் படிகமோ அதற்கும் இணங்கவில்லை. 2003-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கனோடாவின் குழுவினர் அதைத் தனிச்சுழிக்கு மேல் ஏறக்குறைய ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு வரை குளிர்வித்துப் பார்த்தார்கள். அப்போதும் காந்த ஒழுங்கு எதுவும் தென்படவில்லை.

அதே படிகத்தை அழுத்தினால், தனிச்சுழிக்கு மேல் சுமார் 4 டிகிரிக் குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது! 'பார்த்தீர்களா, நெருக்கினால் எல்லாம் வழிக்கு வரும்' என்பார்கள் சிலர். அது அவசர முடிவு. அழுத்தம் எந்த எலெக்ட்ரானையும் திருத்தவில்லை. வீடுகளை ஒன்றுக்கொன்று அருகில் கொண்டுவந்தது, போக்குவரத்து எளிதாயிற்று. அவ்வளவுதான்.

எலெக்ட்ரானுக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு. ஆகவே அவன் தவிப்பு இன்னும் பெரியது. அப்படித் தவிப்பவனிடம், 'நீ ஏன் ஒரு பக்கம் சேரவில்லை?' என்று கேட்பதற்கு முன்னால், மற்ற இருவரையும் பார்த்து, 'நீங்கள் ஏன் இவ்வளவு தொலைவில் நிற்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டாமா?