எழுத்தைக் கழுவிய கைகள்



நம் வீடுகளில் ஒரு நூல்சேலை கிழிந்தால் அதன் ஆயுள் முடிவதில்லை. பிள்ளைக்குத் தொட்டிலாகும்; பிறகு விரிப்பாகும்; கடைசியில் அடுக்களைத் துணியாகும். இதே சிக்கனத்தை அமெரிக்க தேசத்துக் குடியானவர்கள் மாவுச்சாக்கில் காட்டினார்கள். அங்கே மாவும் கோழித்தீவனமும் பருத்திச் சாக்கில் வந்த காலம் ஒன்றுண்டு. 1930-களில் தொழிலும் விளைச்சலும் பொய்த்துப்போக, தாய்மார் அந்தச் சாக்கின் தையலைப் பிரித்து, நூலைக்கூட வீணாக்காமல் சுருட்டி வைத்து, துணியைத் துண்டுகளாக வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தார்கள். மேலே துண்டுகள், நடுவே பஞ்சு, அடியிலும் சாக்குத்துணி. மூன்றையும் சேர்த்துக் கைத்தையல். அவற்றுள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

தைப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. சாக்கின்மேல் ஆலையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தோடு பிள்ளைக்குச் சட்டை தைத்துப் போட்டால் வீட்டின் வறுமையை ஊரே வாசிக்கும் அல்லவா? ஆகையால் மண்ணெண்ணெயோ பன்றிக்கொழுப்போ தடவி ஊறவைத்து, காரச் சவுக்காரம் போட்டு, மை போகும்வரை தேய்ப்பார்கள். இதைக் கண்ட ஆலைக்காரர்கள் பூவும் கட்டமும் போட்ட சாக்குகளில் சரக்கை அனுப்பலானார்கள். பெயரை எளிதில் உரியும் காகிதத்தில் ஒட்டினார்கள். வியாபார நோக்கந்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் ஏழைத் தாயின் மானம் அவர்களுக்குப் புரிந்தது.

அதே தேசத்திலிருந்து, 1954-ம் ஆண்டின் பொதுச்சட்டம் 480-ன்படி, கோதுமையும் பால்மாவும் நம் நாட்டுக்கு வந்தன. மூட்டையின்மேல் அமெரிக்க மக்களின் நன்கொடை என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பால்மாவைக் குடித்து வளர்ந்த பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பசிக்கு உணவு வந்தது நன்றிக்குரியது, அதில் குறையில்லை. நம்முடைய கொடையை மட்டும் பார்ப்போம். கோவில் டியூப் லைட்டை அண்ணாந்து பாருங்கள்: உபயம் இன்னார் குடும்பம். வெளிச்சம் பாதி, பெயர் பாதி!

சிரிக்கலாம். ஆனால் சென்ற கிறிஸ்துமசுக்குத் துணி வாங்க வந்தவர்களை நாம் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தோம். ஒரு தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி வெறுங்கையோடு திரும்பிப் போனாள். நானும் அங்கேதான் நின்றேன், தடுக்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தில் யோப்பே பட்டணத்துத் தபித்தாளைக் காண்கிறோம். அவள் இறந்தபோது விதவைகள் அர்ச். இராயப்பரைச் சூழ்ந்து நின்று, அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளைக் காட்டி அழுதார்கள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே எழுதப்படவில்லை. தைத்தவள் யாரென்று அந்தத் துணியை உடுத்தியவர்கள்தான் சொன்னார்கள்.

வருகிற கிறிஸ்துமசுக்குத் துணி கொடுக்க விரும்புகிறவர்கள் துவைத்து மடித்து, பொத்தான் போனதற்குப் பொத்தான் வைத்துக் கட்டி, கணக்கப்பிள்ளையிடம் சேர்ப்பியுங்கள். பொதியின்மேல் பெயர் எழுத வேண்டாம். வரிசையும் இராது, படமும் இராது. இருட்டிய பிறகு வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். உடன்வர இரண்டு பேர் வேண்டும்.